முடிசூட்டும் உரிமை எவர்க்கு?

புகார் நகரத்து அரங்கிலே ஆடி முடித்த பெண்ணொருத்திக்குச் சோழ வேந்தன் பரிசு வழங்கிய செய்தியைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லுகிறது. அவள் மாதவி. ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியவள். ஆடல் கண்டு மகிழ்ந்த மன்னன் 'தலைக்கோல்' எனும் சிறப்பை அவளுக்கு ஈந்தான். பச்சை மாலை ஈந்தான். 1008 கழஞ்சுப் பொன்னும் ஈந்தான். தலைக்கோல் என்பது யாது? போரிலே தோற்றோடிய பகை மன்னனது வெண்கொற்றக் குடையின் காம்பைக் கைப்பற்றி, மணி பதித்து, பொற்றகடு போர்த்திச் செய்த கோல். வாள் வென்று தந்த பொருளைக் கலைக்குக் காணிக்கையாக்கிய நாடு இது என்று நாம் மேடைதோறும் முழங்கியிருக்கிறோம், முழங்கியது தவறுமன்று.

ஆனால், அடுத்து நடந்தது என்ன? அதே மாலையை ஒரு கூனி தெருவிலே ஏந்தி நின்றாள். 1008 கழஞ்சு கொடுத்து மாலையை வாங்குவோன் எவனோ, அவனே மாதவியையும் கொள்வான் என்பது விலை. கோவலன் வாங்கினான். மன்னன் பாராட்டிக் கொடுத்த தொகை, மறுநாளே கடைத்தெருவில் விலைத்தொகையாயிற்று! கலையைப் போற்றினார்கள், கலைஞரை விற்றார்கள். இவ்விரண்டும் ஒரே நாட்டில், ஒரே நகரில், ஒரே மாலையைக் கொண்டே நடந்தேறின. 1947இல் சென்னை மாகாணத்துச் சட்டம் தேவதாசி முறையை ஒழிக்கும்வரை அந்த மாலைக்கு வாங்குவோர் இருந்துகொண்டே இருந்தனர் என்பதை மறந்துவிட்டுப் 'பண்டைப் பெருமை' பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

இதனை இங்கு எடுத்துக் கூறுவது எதற்காக? நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பெற்ற விருதுகள், பெறாத விருதுகள், காலங்கடந்து பெற்ற விருதுகள் பற்றி ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் நாளில் அவரது பிறந்தநாள் வருங்கால் ஏடுகள் எழுதுகின்றன. எழுதுவோர் இரு வகையினர். பட்டியல் போட்டு வியப்போர் ஒரு சாரார். "டில்லி வஞ்சித்துவிட்டது" என்று புலம்புவோர் மறு சாரார். விருது என்பது யாது, அதனை ஈவதற்கு உரியோர் யாவர், எந்த அளவுகோலால் அளந்து ஈகின்றனர் என்ற கேள்வியை இரு சாராருமே எழுப்புவதில்லை. நாம் எழுப்ப விழைகிறோம்.

கணேசன் 1928இல் பிறந்தவர். கட்டபொம்மன் கூத்தைச் சிறுவயதில் கண்டு நாடகத்தின்பால் உள்ளம் பறிகொடுத்தவர். பாலர் நாடகக் குழுவிலே சேர்ந்து, சீதை முதலிய பெண் வேடங்கள் கட்டி வளர்ந்தவர். அக்குழுக்களின் வாழ்வு எத்தகையது என்பதை அறிந்தோர் அறிவர். பள்ளிக்கூடம் கிடையாது, பெற்றோர் முகம் காண்பது அரிது, அடியும் உதையும் பாடத்தோடு பாடமாகக் கிடைக்கும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையிலே கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் ஒவ்வோர் எழுத்தும் விழவேண்டும். விழாவிடில் வாத்தியாரின் பிரம்பு பேசும். அங்கேதான் அந்தக் குரல் வார்க்கப்பட்டது. ஊருக்குள்ளே அவர்களுக்கு இருந்த பெயரோ 'கூத்தாடி'. பெண் கொடுக்க மாட்டார், வீடு வாடகைக்கு விட மாட்டார். இரவிலே கைதட்டியவன் பகலிலே முகம் திருப்பிக்கொள்வான். மாதவிக்கு நேர்ந்ததன் வேறொரு வடிவம் இது.

இந்த இழிவைத் துடைத்ததில் தன்மதிப்பு இயக்கத்துக்குப் பெரும்பங்குண்டு என்று நாம் கூறினால், தற்பெருமை என்பார்கள். கூறட்டும். நடிகனைத் தோழனென்று மேடையேற்றி, தலைவர்களின் பக்கத்து நாற்காலியிலே அமர்த்தியது எது? எழுத்தாளரே வேடம் புனைந்து ஆடிய மேடை எது? அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்ற நாடகத்தை எழுதியதோடு நில்லாது, அதில் காகப்பட்டராகத் தாமே நடித்தார். சிவாஜியாக நடித்தவர் கணேசன் எனும் இளைஞர். நாற்பதுகளின் நடுப்பகுதியில் அந்நாடகத்தைக் கண்ட தந்தை பெரியார், இனி இவர் 'சிவாஜி' கணேசன் என்று வாயார வாழ்த்தினார். வாழ்த்துப் பெயராயிற்று, பெயர் ஊர்ப் பெயராயிற்று. பெற்றோர் வைத்த பெயரைக்கூடப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அது முன்னே சென்று நின்றது.

அந்த நாடகத்தின் கருவைச் சற்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். நாட்டை வாளால் வென்றவன் சிவாஜி. கோட்டைகள் அவனுடையவை, படை அவனுடையது, மக்கள் மனம் அவனுடையது. ஆனால் முடிசூட்டிக்கொள்ள முடியவில்லை! ஏன்? 'நீ சூத்திரன், உனக்கு முடிசூடும் உரிமை இல்லை' என்றனர் வேதியர். காசியிலிருந்து காகப்பட்டர் வரவேண்டியதாயிற்று. பொன் கொட்டவேண்டியதாயிற்று. பொன்னைக் கண்டதும் சாத்திரம் வளைந்து கொடுத்தது. இராய்கட் கோட்டையிலே 1674இல் முடிசூட்டு விழா நடந்தது. வென்றவன் ஒருவன், சிறப்பு வழங்கும் உரிமை வேறொருவனுக்கு. உழைத்தவன் ஒருவன், உழைப்புக்கு முத்திரையிடும் அதிகாரம் எங்கோ தொலைவில் உள்ளவனுக்கு. இந்தக் கேடு எப்படி வந்தது என்று கேட்ட நாடகம் அது. அந்நாடகத்திலே பிறந்த பெயரைத் தாங்கிய நடிகர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியும் காகப்பட்டர்கள் எப்போது இசைவார்கள் என்று தம் அன்பர்கள் காத்துக்கிடக்கும் நிலையிலே இருந்தார் என்பது, நாடக ஆசிரியரே எண்ணியிராத இன்னொரு காட்சி.

வேறொன்றும் நினைவுகூரத் தக்கது. 1944இல் சேலத்து மாநாட்டிலே அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறியது. ஆங்கில அரசு தந்த 'சர்', 'திவான்பகதூர்', 'ராவ்பகதூர்' பட்டங்களை நீதிக்கட்சியினர் துறக்கவேண்டும், கௌரவப் பதவிகளைவிட்டு விலகவேண்டும் என்றது அது. கட்சியும் அன்றே திராவிடர் கழகமாயிற்று. பட்டங்களை உதறுமாறு ஆணையிட்ட தலைவரே ஓரிரு ஆண்டுகளுக்குள் ஒரு நடிகருக்குப் பெயர் சூட்டினாரே, இது முரண் அன்றோ என்று கேட்போர் இருக்கலாம். முரணன்று. 'சர்' பட்டம் எதற்குக் கிடைத்தது? அடங்கி நடந்ததற்கு. 'சிவாஜி' எதற்குக் கிடைத்தது? மேடையிலே கண்முன் செய்துகாட்டிய ஒரு செயலுக்கு. முன்னதை ஈந்தவன் அதிகாரத்தில் இருந்தான். பின்னதை ஈந்தவரிடம் கொடுப்பதற்குக் கழஞ்சுப் பொன்னும் இல்லை, பதவியும் இல்லை. 'பெரியார்' என்ற பெயரையும் எந்த அரசும் கொடுக்கவில்லை. 1938இல் சென்னையிலே கூடிய பெண்கள் மாநாடு கொடுத்தது.

1952 அக்டோபரிலே 'பராசக்தி' வெளிவந்தது. கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடல், கிருஷ்ணன்-பஞ்சுவின் இயக்கம். அந்தப் புதுமுகத்தை மாற்றிவிடலாம் என்று படப்பிடிப்புத் தொடங்கிய நாட்களிலே பேச்செழுந்ததும், பி.ஏ. பெருமாள் அசையாது நின்றதும் ஊரறிந்த கதை. மாதச் சம்பளம் 250 ரூபாய். வைதீக ஏடுகள் வசை பாடின. தடை செய் எனக் கூக்குரல் எழுந்தது. அந்தக் கூக்குரலைவிடச் சிறந்த விருதை அன்று எவரும் தந்திருக்க முடியாது. நீதிமன்றக் காட்சியைப் பற்றிப் பல்லாயிரம் பக்கங்கள் எழுதியாயிற்று. நாமும் சேர்ந்து எழுதவேண்டுவதில்லை.

ஆனால் எழுதவேண்டிய ஒன்றுண்டு. எழுதச் சற்றுக் கூச்சமாயும் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுவில் கணேசன் திருப்பதிக்குச் சென்று வந்தார். பகுத்தறிவு மேடையிலே வளர்ந்தவர் மலையேறியது தோழர்களின் நெஞ்சைச் சுட்டது. சுட்டதில் வியப்பில்லை. ஆயினும் சுவர்தோறும் எழுதி, ஊர்தோறும் ஏசி, அவரை வெளியேற்றிய பின்னர் நாம் செய்தது என்ன? கொள்கையிலே பிரிந்தவரிடமிருந்து கலைக்கான மதிப்பையும் சேர்த்தல்லவா பறிக்க முற்பட்டோம்! அதற்கு முன்னாள் வரை 'இமயம்' என்று பாராட்டிய ஏடுகள், மறுநாள் முதல் அவர் படங்களை மறந்தாற்போல் நடித்தன. நடிப்பதில் அவரையும் விஞ்சினோம். 'திருவிளையாடல்' (1965), 'திருவருட்செல்வர்' (1967) ஆகிய படங்களின் கருத்து நமக்கு உடன்பாடன்று. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. புராணக் குப்பையைப் புதுப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுத்தார்கள் என்றே கருதுகிறோம். ஆனால் இளைஞர் ஒருவர் தள்ளாத முதுமையையும் தளர்ந்த நடையையும் அப்பராகக் காட்டிய திறத்தைத் தனியே எடுத்து மதிப்பிட ஒரு திறனாய்வாளனால் முடியவேண்டாவா? முடியாவிடில் அவன் டில்லியைக் குறைகூறும் தகுதியை இழக்கிறான். பிறப்பைப் பார்த்து முடியை மறுத்தார் காகப்பட்டர். கட்சியைப் பார்த்து மாலையை மறுப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

வெளிநாடு முந்திக்கொண்டது. பி.ஆர். பந்துலு எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959இல் வெளிவந்தது. முன்னரே கணேசனின் நாடக மன்றம் மேடையேற்றி நாடெங்கும் நடத்திய நாடகம் அது. 1960இல் கெய்ரோ நகரிலே நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசு கணேசனுக்கும், இசைக்கான பரிசு ஜி. இராமநாதனுக்கும் கிடைத்தன. அங்கே அமர்ந்திருந்த நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது. பாஞ்சாலங்குறிச்சி எத்திசையில் உள்ளது என்பதும் தெரிந்திராது. ஆனால் வெள்ளையன் ஆட்சியினின்று அண்மையில் விடுபட்ட, விடுபட்டுக்கொண்டிருந்த நாடுகளின் விழா அது. வரி கேட்டவன் முன்னே நிமிர்ந்து நின்ற ஒருவனின் கழுத்தும் தோளும் குரலும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பின்றி விளங்கின. விருது என்பதற்கு அங்கே ஒரு பொருள் இருந்தது. குறிப்பிட்ட ஒரு படம், குறிப்பிட்ட ஒரு நடிப்பு, அது கண்டோர் உள்ளத்தில் செய்த வேலை. 1962இல் அமெரிக்க அரசின் அழைப்பில் சென்றபோது நயாகரா நகரின் ஒருநாள் மேயராக்கினார்கள் என்பதையும் அன்பர்கள் பெருமையாகப் பேசுவர். அது விருந்தோம்பல், விருந்தோம்பலைக் கலைமதிப்பீட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

1966இல் பத்மஸ்ரீ. 1984இல் பத்மபூஷண். இவற்றின்மேல் நமக்குள்ள குறை, கணேசனுக்குக் கொடுத்ததிலன்று. நாம் அவற்றைக் கையாண்ட முறையில். இந்திய அரசியலமைப்பின் 18ஆம் விதி பட்டங்களை ஒழித்தது. கல்வி, படைத்துறைச் சிறப்புகள் தவிர வேறு பட்டம் எதையும் அரசு வழங்கலாகாது என்பது அதன் கட்டளை. பத்ம விருதுகள் பட்டங்களா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. 1977இல் ஜனதா அரசு அவற்றை நிறுத்தியது, 1980இல் மீண்டும் உயிர்பெற்றன. கடைசியில் 1995 திசம்பரில் உச்சநீதிமன்றம், இவை பட்டங்கள் அல்ல, ஆகவே பெயருக்கு முன்னோ பின்னோ ஒட்டிக்கொள்ளலாகாது என்று தெளிவுறுத்தியது. தமிழ்நாட்டிலோ, வெண்திரையிலே பெயர் ஓடும்போதே 'பத்மஸ்ரீ' முன்னே ஓடியது! சுவரொட்டியில் நடிகரின் முகத்துக்கு ஈடாக அந்தச் சொல் நின்றது. சாதிப் பட்டத்தைச் செங்கற்பட்டு மாநாட்டில் 1929இல் வெட்டியெறிந்த நாடு, வெட்டிய இடம் ஆறுமுன்னே வேறொரு வாலை ஒட்டிக்கொண்டது.

நம் இயக்கத்தாரும் இந்நோய்க்கு விலக்கல்லர். 'திலகம்' ஒருவருக்கு, 'புரட்சி' மற்றொருவருக்கு, 'நாவலர்' இவருக்கு, 'வேந்தர்' அவருக்கு என்று மேடைக்கு மேடை பொன்னாடையோடு பட்டமும் போர்த்தினோம். அவற்றுள் சில பொருளுடையன. நாடகமேடையின் உழைப்பிலும் மக்கள் நாவிலும் பிறந்தவை. 'நடிகர் திலகம்' அப்படி ஒன்று. திரைப்பட இதழின் வழியே படித்தோர் வாயில் ஏறி நிலைத்தது. 'நடிகவேள்' என்பது மற்றொன்று, எம்.ஆர். இராதாவைத் தவிர வேறெவருக்கும் அது பொருந்தாது. ஆனால் எல்லாரும் ஏதோ ஒன்றாகிவிட்ட நாட்டில் எவரும் எதுவும் ஆவதில்லை. பெயர்களின் சந்தையில் பெயருக்கு விலை குறைந்துவிடுகிறது.

இனி, பெரும் புலம்பலுக்கு வருவோம். 'நாட்டின் சிறந்த நடிகர்' என்ற தேசிய விருது கணேசனுக்கு ஒருமுறையேனும் கிட்டவில்லை. உண்மை. ஆனால் முழு உண்மையையும் கூறுவதே அறிவுடைமை. நடிகருக்கென்று அவ்விருது ஏற்பட்டதே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். முதலில் பெற்றவர் வங்கத்து உத்தம் குமார். 'பாசமலர்' (1961), 'கப்பலோட்டிய தமிழன்' (1961), 'நவராத்திரி' (1964) ஆகியவை வெளிவந்தபோது அப்படியொரு விருதே இல்லை. ஆகவே அப்படங்களைச் சொல்லி வஞ்சகம் என்பது பொருந்தாது. அடுத்து வந்த ஆண்டுகளில் பெற்றோரும் எளியவர் அல்லர். 1969இல் 'புவன் ஷோம்' படத்துக்காகப் பெற்ற உத்பல் தத், வங்க மேடையின் சிங்கம். 1973இல் பெற்ற பி.ஜே. ஆன்டணி, எம்.டி. வாசுதேவன் நாயரின் 'நிர்மால்யம்' படத்திலே, வாழ்நாளெல்லாம் தான் தொழுத அம்மன் சிலையின் முகத்தில் காறியுமிழும் வெளிச்சப்பாடாக நடித்தவர். பகுத்தறிவு ஏடு நடத்தும் நாம் அவருக்கு மாலை சூட்டாது வேறு யாருக்குச் சூட்டுவது?

ஆயினும் அதே 1973இல் வந்தது 'கௌரவம்'. பாரிஸ்டர் ரஜினிகாந்த் என்ற பெரும் வழக்கறிஞர், உயர்நீதிமன்ற நடுவர் பதவி தமக்குக் கிட்டும் என்று எதிர்பார்க்கிறார், கிட்டவில்லை. தகுதியிருந்தும் சிறப்பு மறுக்கப்பட்டவனின் உள்ளம் எவ்வாறு திரியும் என்பதே படம். சினத்தால் கொலைக் குற்றவாளியைக் காக்கப் புகுகிறார். எதிர்த்தரப்பில் அவர் வளர்த்த பிள்ளையே வந்து நிற்கிறான். இருவராகவும் கணேசனே நடித்தார். புகைக்குழாயைக் கடித்தபடி மாடிப்படியில் இறங்கும் அந்த நடையிலே செருக்கும் இருந்தது, புண்ணும் இருந்தது. மறுக்கப்பட்ட மாண்பை இத்தனை நுட்பமாக நடித்துக் காட்டியவருக்கு அவ்வாண்டும் மாண்பு மறுக்கப்பட்டது. நல்லவருக்குத்தான் சென்றது என்ற ஆறுதலோடு இதனைக் குறித்து வைக்கிறோம்.

1971ஐப் பற்றிப் பேசினால் நம் வாசகர் பலருக்குக் கசக்கும். கசக்கட்டும். அவ்வாண்டு சிறந்த நடிகர் விருது 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது. தமிழ்ப்பட நடிகர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டில் கணேசனும் ரிக்‌ஷா இழுத்தார்! கேசவதேவின் மலையாளப் புதினத்தை வேராகக் கொண்ட 'பாபு' என்ற படம் அது. ஒரே தொழிலைச் செய்யும் இரு பாத்திரங்கள், ஒரே ஆண்டில், இரு பெரும் நடிகர்களால். திறனாய்வுக்கு இதனினும் நல்ல வாய்ப்பு எப்போது வாய்க்கும்? எம்.ஜி.ஆரின் ரிக்‌ஷாக்காரன் மிதிவண்டி ரிக்‌ஷாவை ஓட்டுபவன், வண்டியின்மீது அமர்ந்தபடியே சிலம்பம் சுழற்றுபவன், எவரிடமும் தோலாதவன். உழைப்பாளி தலைநிமிரலாம் என்று திரையரங்கிலே கோடி ஏழைகளுக்கு நெஞ்சுரம் ஊட்டினான். அது பெரும் பணி. கணேசனின் பாபுவோ கைரிக்‌ஷாவை மாடுபோல் இழுப்பவன். தனக்கு ஒருவேளை பரிவு காட்டிய குடும்பம் நொடித்தபோது, அக்குடும்பத்துப் பெண்குழந்தையின் படிப்புக்காகத் தன் உடலைத் தேய்த்துத் தேய்த்து முதுமையுறுபவன். மனிதனை மனிதன் இழுக்கும் கொடுமை மார்புக்கூட்டையும் முதுகெலும்பையும் என்ன செய்யும் என்பதை அவர் உடலிலே எழுதிக் காட்டினார். 1973இல் கலைஞரின் அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தபோது நம் நினைவில் வந்தவன் பாபுவே.

பரிசு வேறுபட்டது ஏன்? அரசியல் கூட்டணியைக் காரணங்காட்டி அன்று பேசியோர் உண்டு. நிறுவமுடியாததை நாம் எழுதுவதற்கில்லை. நாம் கேட்பது வேறு. நடுவர்கள் எதைக் கண்டு, எதனோடு ஒப்பிட்டு, எக்காரணத்தால் முடிவு செய்தார்கள் என்பதை விரிவாக எழுதி நாட்டின்முன் வைத்தார்களா? மாதவி ஆடிய அரங்கை இளங்கோ எப்படி வருணிக்கிறார் என்று பாருங்கள்: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். ஆடலாசிரியன் எப்படியிருக்கவேண்டும், இசையாசிரியன், யாழாசிரியன், குழலோன், தண்ணுமை முழக்குவோன் எவ்வெவற்றில் வல்லவராயிருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் அளவு இருந்தது. அளந்த பிறகே தலைக்கோல் வந்தது. நம் நாளைய விருதுகளுக்கோ ஓரிரு வரி அறிக்கை போதும்.

அளவுகோல் அறவே இல்லாமலில்லை. அது வேறு ஊரிலே செய்த அளவுகோல். அறுபதுகளின் இறுதி முதல் டில்லி நடுவர்கள் மதித்தது அடங்கிய நடிப்பை. பேசாது பார்க்கும் கண்ணை. 'உள்ளது உள்ளபடி' என்ற கொள்கையை. கணேசனின் நடிப்பு அவர்களுக்கு 'மிகை' எனப்பட்டது. மிகையில்லை என்று நாம் வாதாட வரவில்லை. பல படங்களில் மிகை இருந்தது. ஓராண்டில் எட்டுப் பத்துப் படங்கள் என்று ஓடிய நாட்களில், பழகிய அழுகையையே மீண்டும் அழுததும் உண்டு. ஆனால் தெருக்கூத்தின் அடவும், பாலர் குழுவின் குரற்பயிற்சியும், அடுக்குமொழி உரையாடலின் ஓட்டமும் கூடிப் பிறந்த ஒரு நடிப்பு முறையை, அதன் இலக்கணம் அறிந்தன்றோ அளக்கவேண்டும்? கதகளியில் கண்ணை உருட்டுகிறார் என்று எவரும் மதிப்பெண் குறைப்பதில்லை. வங்கத்துக்கும் மராட்டியத்துக்கும் தத்தம் மேடை மரபைச் சொல்லிக்கொடுக்கத் திறனாய்வாளர் இருந்தனர். தமிழ்நாட்டிலே நாம் அன்பர் மன்றம் கண்டோம், திறனாய்வு காணவில்லை. கணேசனுக்கு நேர்ந்த குறையில் ஒரு பங்கு அந்த வெற்றிடத்தைச் சாரும்.

அந்த அளவுகோலுக்கே இணங்கி அவர் நடித்துக் காட்டியும் பார்த்தார். பாரதிராசாவின் 'முதல் மரியாதை' 1985இல் வந்தது. செயற்கைமுடி இல்லை, முழக்கம் இல்லை. தாழ்ந்த குரலும் தளர்ந்த தோளும் கொண்ட ஊர்ப்பெரியவர். சிறந்த தமிழ்ப்படம் என்ற தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பாடலாசிரியர் வைரமுத்துவுக்கும் கிடைத்தது. நடிகருக்கான விருது 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காகச் சசி கபூருக்குச் சென்றது. 'முதல் மரியாதை' என்று பெயரிட்ட படத்திலும் மரியாதை அவரைத் தவிர்த்துச் சென்றதைப் பார்த்துச் சிரிப்பதா, வருந்துவதா? 1992இல் 'தேவர் மகன்' படத்துக்கு நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு அறிவித்தார்கள். நாற்பதாண்டு நடித்தவருக்கு ஓரத்தில் ஓர் இருக்கை.

பின்னர் வந்தவை முதுமைக்கு வந்தவை. 1995இல் பிரெஞ்சு அரசு கலை இலக்கிய அணியில் செவாலியே நிலை வழங்கியது. அவ்வணியின் மூன்று படிநிலைகளுள் அது முதற்படி. அதற்கு மேலும் இரண்டு உள்ளன. நம்மவரோ அதனையே உலகத்தின் உச்சியாக்கி 'செவாலியே'யைப் பெயரின் முன்னே ஒட்டினர்! 1996ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அடுத்து வந்தது. 'மனோகரா'வில் (1954) அவரை இயக்கிய எல்.வி. பிரசாத்துக்கு அதே விருது 1982இலேயே கிடைத்துவிட்டது. கணேசனின் முதற்படத்துக்கும் அவ்விருதுக்கும் இடையே 44 ஆண்டுகள். இயக்குநருக்கும் நடிகருக்கும் ஒப்பீடு கூடாது என்பர். ஒப்பிடவில்லை, ஆண்டுகளை எண்ணினோம்.

"மக்கள் தந்த விருதே பெரிது" என்று இந்த இடத்தில் முடித்துவிடுவது மேடைப் பேச்சாளர் வழக்கம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த மக்களே வ.உ.சி.யின் சிறைவாழ்வை, செக்கிழுத்த கொடுமையைக் கணேசன் உயிர்ப்பித்த 'கப்பலோட்டிய தமிழ'னை 1961இல் கொட்டகைக்குச் சென்று பாராமல் விட்டனர். அந்த மக்களே 1989இல் திருவையாற்றில் அவரைத் தேர்தலில் தோற்கடித்தனர். தேர்தலில் நாம் எதிரணியில் நின்றோம், அத்தோல்விக்காக வருந்தவில்லை. ஆனால் வாக்குப்பெட்டியும் வசூற்பெட்டியும் நடிப்பை அளக்கும் கருவிகள் அல்ல என்பதற்கு இவையும் சான்று. டில்லியை நம்பமுடியாது என்பதால் திரையரங்க வாயிலை நம்பிவிட முடியாது.

2001 சூலை 21இல் அவர் மறைந்தார். அவ்வாண்டே அஞ்சல்தலை வெளிவந்தது. 2006இல் கலைஞரின் ஆட்சியிலே, கடற்கரைச் சாலையில் அவர் சிலையைக் கலைஞரே திறந்துவைத்தார். பராசக்திக்கு உரையாடல் எழுதிய கை, அரை நூற்றாண்டுக்குப் பின் அந்தத் திரையை விலக்கியது. இடையில் வந்த பிணக்குகள் அன்று எவர் நினைவிலும் இருந்திரா. போக்குவரத்துக்கு இடையூறு என்று வழக்கு எழுந்தது. 2017 ஆகஸ்டில் சிலை அங்கிருந்து எடுக்கப்பட்டு, அடையாற்றில் கட்டிய மணிமண்டபத்தில் வைக்கப்பட்டது. மண்டபம் அக்டோபர் முதல் நாள் திறக்கப்பட்டது. மண்டபத்தைச் சென்று பார்த்தோர் படங்களையும் அவர் பெற்ற சிறப்புகளையும் கண்டு திரும்புகின்றனர். காகப்பட்டராக அண்ணாவும் சிவாஜியாகக் கணேசனும் எதிரெதிரே நின்று நடித்த அந்த நாடகத்தை முழுமையாக மேடையேற்றிப் பார்க்க விழையும் இளைஞர் குழு ஏதேனும் இருக்குமாயின், சென்னையிலாயினும் சேலத்திலாயினும், முன்வரிசையில் அமர்ந்து பார்த்து, குறைநிறைகளை இந்த ஏட்டிலே விரிவாக எழுத நாம் காத்திருக்கிறோம்.